வெங்காயக் காசு யாருடைய நட்டம்?

ஒருவன் உயர்ந்தால் இன்னொருவன் தாழ்ந்தே தீரவேண்டும், ஒருவன் பெட்டகத்தில் சேர்ந்த பணம் மற்றொருவன் மடியிலிருந்து உருவப்பட்டதாகவே இருக்கவேண்டும் என்னும் அபிப்பிராயம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பலமானது. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்துக் கட்டுரையாசிரியர் மொந்தேன் இதையே பொருளாகக் கொண்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிரேதச் சடங்குக்கு வேண்டிய பொருள்களை விற்றவன் அளவுமீறி இலாபம் எடுத்தான் என்று ஏதென்ஸ் நகரத்துத் தெமாதீஸ் அவனைத் தண்டித்த கதையை எடுத்துக்கொண்டு, அப்படியானால் வைத்தியனையும் வழக்கறிஞனையும் அல்லவா முதலிலே தண்டிக்கவேண்டும், பிறருடைய நோயும் பூசலும் இல்லாமல் இவர்களுக்கு ஏது பிழைப்பு, தானியத்துக்குக் கிராக்கி ஏறினாலன்றிக் கமக்காரனுக்கு ஏது சுகம் என்று அவர் வாதித்தார். நான்கு நூற்றாண்டு கழித்து, 1965-இல், ஜோர்ஜ் பொஸ்டர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர், மெக்சிக்கோ நாட்டுக் கிராமத்தவர்களோடு பழகிக் கண்டதைக் கொண்டு, நிலம் மாத்திரமன்றிச் செல்வமும் ஆரோக்கியமும் நட்பும் மானமும் உலகத்தில் ஒரு குறித்த அளவுக்கே உள்ளன, அயலவன் கூடுதலாக எடுத்தால் நமக்குக் குறைந்துவிடும் என்று எண்ணுவதே குடியானவரின் சுபாவம் என எழுதினார். புது வீட்டுச் சுவர் எழும்பும்போதே நாவூறு படாமலிருக்க வெருளி கட்டித் தூக்குகிற, யாழ்ப்பாணத்து வடமராட்சியிலுள்ள உடுப்பிட்டியாருக்கு இதை அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

இந்த அபிப்பிராயத்துக்கு மறுமொழி சொன்னவர்கள் பொருளியலாளர்கள். 1776-இல் அடம் ஸ்மித்தும் 1817-இல் டேவிட் ரிக்கார்டோவும் நிறுவிய நியாயத்தின் சாரம் என்னவென்றால், இருவர் மனமொத்து ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும்போது, தாம் கொடுப்பதிலும் பெறுவது தமக்கு மேலானது என்று இருவருமே கருதாவிட்டால் அந்தக் கொடுக்கல்வாங்கல் நடந்திராது. ஆகவே சம்மதத்தோடு நடக்கும் வர்த்தகத்தில் இரு பக்கமும் ஆதாயம் உண்டு. ரிக்கார்டோ ஒருபடி மேலே சென்று, எல்லாப் பொருளையும் மலிவாகச் செய்யவல்ல நாடுங்கூடத் தனக்கு மிகவும் கைவந்ததில் ஊன்றிக்கொண்டு மற்றதை விலைக்கு வாங்கினால் இரு நாடுகளும் பயனடையும் என்று போர்த்துக்கலின் வைனையும் இங்கிலாந்தின் துணியையும் வைத்துக் கணக்குக் காட்டினார். கணக்கில் பிழையில்லை. ஆனால் ‘சம்மதம்’ என்ற ஒரு சொல்லின்மேல் அந்த மாளிகை முழுவதும் நிற்கிறது என்பதையும், மேசையின் இருபுறமும் இருந்தவர்களைத் தவிர மூன்றாமவன் ஒருவனை அது கேட்கவே இல்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே செல்லவேண்டும்.

சம்மதம் எத்தனை வகைப்படும் என்பதற்கு நம்முடைய ஒற்றி முறையே சாட்சி. 1707-இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த, யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையிலே அதற்கு இடம் உண்டு: காணிக்காரன் பணத்தை வாங்கிக்கொள்ள, பணம் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பான். கொழும்புக்கோ மலாயாவுக்கோ உத்தியோகம் பார்க்கப் போனவன் காணியைத் தரிசாக விடாமல் ஒற்றி வைத்துப் போனபோது அவனுக்கும் இலாபம். கையில் நாலு காசும் தோளில் வலுவும் இருந்து காணி இல்லாதிருந்தவனுக்கும் இலாபம். மகளின் சீதனத்துக்காக அவசரத்தில் ஒற்றி வைத்தவன், மீட்க வழியின்றிக் கடைசியில் அதே காணியை அறுதியாய் எழுதிக் கொடுத்தபோதும் உறுதியில் விழுந்தது சம்மதக் கையெழுத்தேதான். ஏட்டின்படி இரண்டும் ஒரே வகை வியாபாரம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சந்தைகளில் நடக்கும் ‘கழிவு’ என்ற வழக்கத்தையும் இங்கே பார்க்கவேண்டும். நூறு கிலோ மரக்கறி கொண்டுபோகும் கமக்காரனுக்குத் தொண்ணூறு கிலோவுக்கே பணம் கிடைக்கும். மிச்சம் பத்துக் கிலோவும் மண்ணுக்கும் வாடலுக்கும் அழுகலுக்கும் என்று கழிக்கப்படும். மண்ணே ஒட்டாத கத்தரிக்காய்க்கும் அதே கழிவுதான். நிறுத்தப்போவதாக அதிகாரிகள் அறிவிப்பதும் சிலநாளில் அது திரும்பத் தலையெடுப்பதும் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்குப் பழகிப்போன செய்தி. கழிவு உண்டென்று எல்லாருக்கும் தெரியுமாதலால் விலையே அதற்கேற்பக் கூட்டித்தான் பேசப்படும், எனவே உண்மையில் நட்டமில்லை என்று ஒரு பொருளியல் மாணவன் சொல்லக்கூடும். வெயில் ஏறுமுன் விற்காவிட்டால் வாடிப்போகும் கீரைக்கட்டோடு நிற்கும் ஒருவனிடம் அவன் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். அந்தப் பத்துக் கிலோவால் உலகத்தில் புதிதாக எதுவும் விளையவில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிற்று, அவ்வளவுதான். மொந்தேன் சொன்னது இங்கே அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

இத்தனையையும் ஒரு முழு ஊரின் அளவில் பரீட்சித்துப் பார்த்த காலமொன்று வடமராட்சிக்கு வாய்த்தது. 1970 மே மாதத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தபோது அந்நியச் செலாவணிக்கு நாட்டில் பெரும் பஞ்சம். 1973-இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியதும் அது முற்றிற்று. அரசாங்கம் வெளியிலிருந்து வரும் செத்தல் மிளகாயையும் வெங்காயத்தையும் கட்டுப்படுத்தியது. அதுவரை நாலைந்து பரப்பில் — பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது வெளியூர் வாசகருக்கு — சிறுதோட்டம் செய்து கடனும் கைமாற்றுமாகக் காலந்தள்ளிய குடும்பங்களுக்கு இரண்டு மூன்று போகத்திலே கையில் காசு புழங்கத் தொடங்கிற்று. வெங்காயத்தைக் கிண்டி எடுத்துத் தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டி வளையில் தொங்கவிட்டு, விலை ஏறும்வரை பொறுத்திருந்து விற்கும் தெம்பு அவர்களுக்கு வந்தது. முன்பு லொறிக்காரன் சொன்ன விலைக்குத் தலையாட்டியவர்கள், இன்றைக்குக் கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் என்ன விலை என்று கேட்டறிந்து பேரம் பேசினார்கள். கிடுகு வேய்ந்த மண்வீடுகள் கல்வீடுகளாயின. காணி போதாத இளைஞர்கள், படித்த வாலிபர் திட்டத்தில் ஏற்கெனவே காடு வெட்டித் திறந்திருந்த விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் போய் மிளகாய் நட்டார்கள். ‘சிறிமா காலம்’ என்று இன்றைக்கும் வயதானவர்கள் சொல்லும்போது அந்தச் சொல்லிலே ஒரு விசித்திரமான இரட்டைத் தொனி கேட்கும். அதன் காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் காசு யாருடைய நட்டம்? முதலாவது, தெற்கிலும் மேற்கிலும் விலை கொடுத்து வாங்கி உண்டவர்களின் நட்டம். பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்ற கொழும்புக் குடும்பம் மிளகாய்த்தூளுக்கும் கூடுதலாகக் கொடுத்தது. அதைவிடக் கொடுமையான இடம் மலையகம். சொந்தமாக ஒரு பாத்தி நிலமுமில்லாமல் கூலியையும் பங்கீட்டையுமே நம்பியிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர், உணவு இறக்குமதி குறுகிப் பங்கீடும் சுருங்கிய 1973–74 காலத்தில் பட்டினியால் மடிந்தார்கள். 1974-இல் தோட்டப்புறத்து மரண விகிதம் சடுதியாக உயர்ந்தது பதிவிலுள்ள உண்மை. வெங்காயம் செய்தவன் இந்தச் சாவுக்குப் பொறுப்பாளி என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. ஆயினும் ஒரே கொள்கையின் வலப்பக்கத்தில் வடமராட்சியின் கல்வீடும் இடப்பக்கத்தில் தோட்டத்து லயமும் இருந்தன என்பதை, இரண்டிடத்திலும் பேசியது தமிழே என்ற காரணத்தாலாவது, யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

அதே இறக்குமதிச் சுவரின்மேல் ஏறி நின்று பிழைத்த இன்னொரு தொழிலும் உண்டு. உடுப்பிட்டிக்கு வடக்கே இரண்டு மூன்று மைல் தூரத்திலுள்ள வல்வெட்டித்துறையார், பாய்க்கப்பல் கட்டி நாகபட்டினத்தோடும் அதற்கப்பாலும் வர்த்தகம் செய்த பரம்பரையினர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு 1938-இல் அத்திலாந்திக் கடலைக் கடந்து மசசூசெற்சின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சேர்ந்தது. சுதந்திரத்தின்பின் இலங்கை, இந்தியா இரு நாடுகளும் சுங்கத்தையும் குடிவரவுச் சட்டத்தையும் இறுக்கியபோது, நேற்றுவரை வர்த்தகமாக இருந்ததே மறுநாள் கள்ளக்கடத்தலாயிற்று. விற்றவன், வாங்கியவன் இருவருக்கும் அதில் ஆதாயம் இருந்தது; நட்டப்பட்டது தீர்வை பெறவேண்டிய அரசாங்கமும், தீர்வை கட்டி விற்ற நேர்மையான வியாபாரியும். சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு இலாபம். அந்த வகையில், சட்டத்தை மதித்த தோட்டக்காரனும் சட்டத்தை மீறிய கடலோடியும், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே சுவரின் வாடகையில் வாழ்ந்தார்கள்.

இரட்டைத் தொனிக்கு வருகிறேன். தோட்டத்தில் தகப்பனுக்குக் காசு கொடுத்த அதே அரசாங்கந்தான், பரீட்சை மண்டபத்தில் மகனின் இடத்தை எடுத்துக்கொண்டது. 1960-களின் இறுதியில் பொறியியல், மருத்துவப் பீடங்களில் ஏறத்தாழப் பாதி இடங்களைத் தமிழ் மாணவர் பெற்றுவந்தனர். 1971-இல், பொறியியலுக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர்களுக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூலம் எழுதியவர்களுக்கு 227 புள்ளியும் வெட்டுப்புள்ளியாக வைக்கப்பட்டன. பின்னர் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிசெய்யும் தரப்படுத்தலும், 1974-இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. வெங்காயச் சந்தையில் இருந்ததுபோல இங்கே கண்ணுக்குத் தெரியாத வாங்குபவன் இல்லை. ஒரு வருஷத்துக்கு இத்தனை இடங்கள் என்று எண்ணி வைத்திருக்கும்போது, ஒருவன் உள்ளே போனால் ஒருவன் வெளியே நிற்கத்தான் வேண்டும். மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னார், வவுனியாப் பிள்ளைகளும், கண்டியின் பின்தங்கிய கிராமத்துப் பிள்ளைகளும் பயனடைந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தின் கல்லூரிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மிசனரிமாரின் பணத்திலும் சைவப் பெரியாரின் உழைப்பிலும் பெற்ற வசதி அவர்களுக்கு இருந்ததில்லை. ஆனால் உடுப்பிட்டியிலே சாமத்தில் விளக்கு வைத்துப் படித்த பையனுக்கு அந்த வரலாற்று நியாயம் எந்த விதத்தில் ஆறுதலாகும்? அவன் இழந்தது அவனுடைய தவறினாலன்று.

இடங்களின் எண்ணிக்கை தெய்வத்தால் விதிக்கப்பட்டதா என்று அந்நாளில் கேட்டவர்கள் குறைவு. 1974 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1978-இல் அங்கே மருத்துவ பீடமும் தொடங்கிற்று. அளவு மாறக்கூடியதே என்பதற்கு அது பிரத்தியட்சச் சான்று. ஆனால் காலங்கடந்து வந்த சான்று. அதற்குள் அந்தத் தலைமுறையின் மனம் வேறு திசையில் திரும்பிவிட்டது. ஒரு சமூகத்தைப் பார்த்து ‘இருப்பது இவ்வளவுதான், அடித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லுகிற அதிகாரம், உண்மையில் அவ்வளவுதான் இருக்கிறதா என்ற கேள்வியை முதலில் தன்னிடமே கேட்டிருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

1977 யூலைத் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தனா வென்றார், நவம்பரில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, ரூபாவின் பெறுமதி டொலருக்கு ஏறத்தாழ 16 என்று இறங்கிற்று. பம்பாய் வெங்காயமும் வெளிநாட்டுச் செத்தல் மிளகாயும் கப்பலில் வந்திறங்கின. கொழும்பில் கறி மலிந்தது, வரிசைகள் மறைந்தன. வடமராட்சித் தோட்டங்களில் விலை விழுந்தது; உரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் பட்ட கடன் மட்டும் விழவில்லை. கள்ளக்கடத்தலின் இலாபமும் அதே வீச்சில் வற்றிற்று. வாங்கியவர்கள் தொகை பெரிது, விற்றவர்கள் தொகை சிறிது; எனவே மொத்தத்தில் நாட்டுக்கு நன்மை என்று கணக்கிட்டவர்கள் கணக்கில் பிழைவிடவில்லை.

இந்த ‘மொத்தத்தில்’ என்ற சொல்லுக்கு ஒரு சாஸ்திரமே உண்டு. 1939-இல் நிக்கலஸ் கால்டரும் ஜோன் ஹிக்ஸும், ஒரு மாற்றத்தால் வென்றவர்கள் தோற்றவர்களுக்கு முழு ஈடும் கொடுத்தபின்பும் தம்மிடம் மிச்சமிருக்கக் காண்பாரானால் அந்த மாற்றம் நன்மையானது என்று ஓர் அளவுகோலை வகுத்தார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் ஈட்டை உண்மையில் கொடுக்கவேண்டும் என்று அந்த அளவுகோல் வற்புறுத்துவதில்லை. கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தால் போதும். பாகற்காயின் கசப்பைக் காகிதத்தில் கழித்துவிட்டுக் கறியைப் பரிமாறுவதுபோலத்தான் இது. கொழும்பில் மிளகாய் மலிந்ததால் மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கு வடமராட்சியின் நெல்லியடிச் சந்தைக்குத் திரும்பி வந்ததாக எந்தத் தோட்டக்காரனும் சொல்லிக் கேட்டவரில்லை. தென்னிந்தியாவில் நெசவாளருக்கும், இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்தாருக்கும் நேர்ந்ததும் இதுவே: இலாபம் பலரிடம் மெல்லியதாகப் பரவ, நட்டம் ஒரு தெருவில் வந்து குவிந்தது. மொந்தேனின் பழைய கூற்றைப் பொருளியலாளர் எத்தனை முறை உடைத்தாலும் ஜனங்கள் அதை விடாமல் பிடித்திருப்பது அறியாமையால் என்று நான் நினைக்கவில்லை; ஈடு வராது என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் அவர்கள்.

ஈடு கட்டளையிடப்பட்ட அரிதான சம்பவமொன்று குடாநாட்டின் வலிகாமத்தில் உண்டு. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில், நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. மின்சாரம் விற்றவரும் வாங்கியவரும் மனமொத்தவர்கள்தாம். கிணற்றுக்காரர் அந்த ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவருக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை ஒரு நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது.

கிணறு என்றதும், நம்மவர் இந்த முழு விவகாரத்தையும் சட்டப்புத்தகம் இல்லாமலே கையாண்ட ஒரு முறையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, சுண்ணக்கல்லின் பொந்துகளில் மழைநீர் தேங்கி, கீழே உவர்நீரின்மேல் மிதந்து கிடக்கிறது. அளவோடு இறைத்தால் ஊறும், மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். அதனாலேதான் தோட்டக் காணியின் உறுதியில், இத்தனை பரப்பு என்று எழுதியதோடு, பங்குக் கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று சேர்த்தெழுதினார்கள். இன்று இன்னாருக்கு முறை, நாளை இன்னாருக்கு. துலாவில் ஒருவர் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடிக்க, ஒருவர் பாத்தி மாற்ற, மனிதனின் களைப்பே நீருக்கு அளவாக இருந்தது. முறை தவறினால் பெருஞ்சண்டை; பரம்பரைப் பகையும் நீதிமன்ற வழக்குமாகக் கிணற்றடியில் பிறந்தவை ஏராளம். ஆயினும் ஒருவன் இறைத்தது மற்றவனின் நட்டமாகாமல், இரவில் ஊறியது மறுநாள்காரனுக்குச் சேர்ந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் உழைப்பு மிச்சமானது, விளைவு பெருகிற்று. வெங்காயக் காசின் பெரும்பகுதியை அதுவே சாத்தியமாக்கிற்று. களைப்பில்லாத இயந்திரத்துக்குப் போதும் என்பது தெரியாது. சில கிணறுகள் உவர்த்தன. அளவுக்கு மிஞ்சிய உரத்தால் நைத்திரேற்று ஏறிய கிணறுகள் பல. இன்றைய வெங்காயத்தின் நட்டத்தை நாளைய குடிதண்ணீர் ஏற்றுக்கொண்டது. நாளைக்குப் பிறப்பவன் எந்தச் சந்தையிலும் வந்து நின்று பேரம் பேசமாட்டான்.

எவருக்குமே ஆதாயமில்லாத நட்டங்களும் உண்டு. 1990-களில் வடக்கின்மீது போடப்பட்ட பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரமும் பற்றரியும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பதுக்கிய ஒருசிலரைத் தவிர யார் வாழ்ந்தார்? 2021-இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்தபோதும் அப்படியே. ஒருவன் கெட்டால் அதனால் இன்னொருவன் வாழ்ந்திருப்பான் என்று தேடுகிறவர்களுக்கு இங்கே ஆள் அகப்படமாட்டான்.

புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணம் இதற்கு நேர்மாறு என்று தோன்றும். ரொறன்ரோவில் உழைத்தவன் அனுப்ப, ஊரில் வீடு எழும்புகிறது, மேசனுக்குக் கூலி கிடைக்கிறது. 2022-இல் ரூபா வீழ்ந்து ஒரு டொலர் 360 ரூபாவை எட்டியபோது, வெளியில் பிள்ளையுள்ள வீடு தப்பிற்று. ஆனால் உடுப்பிட்டியின் காணி ஒரு பரப்பும் கூடவில்லை. விலை ஏறியது, விற்றவருக்கு இலாபம், வாங்கியவருக்குத் திருப்தி, வெளியில் யாருமில்லாத கூலிக்காரரின் மகளுக்கு நாலு பரப்புக் காணி எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அவளிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை என்று சொல்வதும் உண்மை. அவள் இழந்தாள் என்பதும் உண்மை.

கடைசியாகக் கடல். பாக்குநீரிணையில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அடிநிலத்தைச் சுரண்டி வலிக்கும்போது, மீனோடு குஞ்சும் பாசியும் சங்கும் சேர்ந்து வருகின்றன. வழியில் வடமராட்சி மீனவர் விரித்த வலையும் அறுந்து போகிறது. இராமேசுவரத்துப் படகுக்காரரின் ஆதாயம் வல்வெட்டித்துறைச் சிறுமீனவரின் நட்டமாவதோடு கதை முடிவதில்லை. எடுத்தவனுடைய கடலும் வெறுமையாகி, அதனாலேயே அவன் கடல் எல்லைக் கோட்டைத் தாண்டி வருகிறான். இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் இந்தப் பக்கத்தார் கடலில் இறங்கத் தடையிருந்தபோது அந்தப் பக்கத்தின் படகுகள் பெருகின. போர் முடிந்த 2009-க்குப்பின் இருவரும் ஒரே நீரில் சந்தித்தார்கள். இலங்கை 2017-இல் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா, இழுவைப் படகைக் கைவிட்டு ஆழ்கடலுக்குப் போகச் சம்மதிப்பவருக்கு, 80 இலட்சம் இந்திய ரூபா பெறுமதியான படகில் மத்திய அரசு பாதியும் மாநில அரசு ஐந்திலொரு பங்கும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. தோற்பவனுக்கு ஈடு கொடுத்து வழியைத் திருப்பும் எண்ணம் அதில் இருக்கிறது, அதைப் பாராட்டவேண்டும். ஆயினும் படகுக்காரர் பலர் தயங்கினார்கள். ஆழ்கடல் வேறு தொழில், பல நாள் தங்கவேண்டிய தொழில், மீதிக் கடனோ அவர்கள் தலையில். இந்தப் பக்கத்தில், கடன்பட்டு வாங்கிய வலை இரவில் அறுந்து காலையில் வெறுங்கயிற்றை இழுத்து வருகிறவரைப் பற்றி அந்தத் திட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. அவருக்கு யார் கொடுப்பது என்பதை எந்தப் பேச்சுவார்த்தையும் இன்னும் தீர்த்துவைக்கவில்லை.